மூன்று விரல்கள்

இது நடந்தது. ஜொவிட்டா எதற்கெடுத்தாலும் சத்தியம் செய்கிறவள் இல்லை. இதை மட்டும் மாதா மேல் ஆணையாகச் சொன்னாள். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

அடையாற்றில் ஒரு பழைய அடுக்குமாடி வீடு. பக்கவாதத்தில் விழுந்த ராஜநாயகம் ஐயாவைப் பார்த்துக்கொள்ள, ஏஜென்சி மூலம் வந்த நர்ஸ் அவள். ஐயாவுக்கு வலப்பக்கம் அசையாது, பேச்சும் போய்விட்டது. மகன் கனடாவில். மனைவி நோரா போய்ச் சேர்ந்து இரண்டு வருடம். ஜொவிட்டாவுக்குப் பெற்றவர்கள் இல்லை. லீவு நாளில் போய்ப் படுக்க கே.கே. நகர் ஹாஸ்டலில் ஒரு கட்டில், அவ்வளவுதான் சொந்தம். நாளெல்லாம் ஊரார் கையைப் பிடித்து நாடி பார்க்கிறவளை ஏனென்று கேட்க நாதியில்லை. கொஞ்ச நாளாக அவளுக்கே நெஞ்சு படபடத்தது. யாரிடம் சொல்வது என்று விட்டுவிட்டாள்.

அன்று சாயங்காலம் நல்ல மழை. கரண்ட் போய்விட்டது. ஆறு மணிக்கு நாடி பார்க்க வேண்டும். கட்டிலை ஒட்டிக் கிடந்த பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, ஐயாவின் இடது மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்தாள். கட்டைவிரலை வைக்கக் கூடாது. அதற்கே ஒரு துடிப்பு உண்டு. ஏமாந்தால் நம் நாடியையே எண்ணிவிடுவோம்.

எழுபத்திரண்டு. சீராகத்தான் இருந்தது. ஆனாலும் கையை விடவில்லை. நாடி பார்ப்பதுபோலவே இருந்துகொண்டு மூச்சையும் எண்ண வேண்டும். சொல்லிவிட்டு எண்ணினால் நோயாளியின் மூச்சு மாறிவிடும்.

மார்பு ஏறி இறங்கியது. எண்ணினாள்.

அப்போதுதான்... மடியில் கிடந்த அவளுடைய இடது கை சில்லிட்டது.

சாரல் என்று நினைத்தாள். ஜன்னல் சாத்தியிருந்தது.

மணிக்கட்டில் ஒரு விரல். பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் மூன்றாவது.

மெதுவாக அழுத்தின. கட்டைவிரல் இல்லை.

ஐயாவின் இடது கை அவள் பிடியில். வலது கை போர்வைக்குள், உணர்வில்லாமல்.

அப்படியானால் இது...

காதருகே முணுமுணுப்பு.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

நாலு வரவில்லை.

மறுபடியும். "ஒண்ணு... ரெண்டு... மூணு..."

அவளால் அசைய முடியவில்லை. பயம்தான். ஆனால் அழுகையும் வந்தது. அவள் கையை ஒருவர் பிடித்து எத்தனை வருடமாயிற்று.

ஐயா கண் திறந்தார். அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால்...

கரண்ட் வந்தது. அறையில் வேறு யாரும் இல்லை.

மறுநாள் மாற்று ஆள் வந்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். நாடியைப் பிடித்த டாக்டரின் முகம் மாறியது.

"மூணு அடிச்சு ஒண்ணு விட்டுப் போகுதேம்மா. இப்படியே விட்டிருந்தா தூக்கத்துலயே போயிருப்பீங்க."

நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினாள். வாசலில் மீன் கொண்டுவந்த முத்துமாரியிடம், நோரா அம்மா எப்படி இறந்தார் என்று கேட்டாள்.

"உனக்குத் தெரியாதா? அதுவும் உன்ன மாறி நர்சுதான். ரிட்டையராயி வூட்டுக்காரர பாத்துக்கினு இருந்துச்சி. தனக்கு நெஞ்சு வுட்டு வுட்டு அடிக்கிறத யாராண்டயும் சொல்லல. ஒரு நாளு மீன் குடுக்க உள்ள போறேன்... அந்தப் பெரம்பு சேர்ல குந்திக்கினே செத்துப் போயிருக்குது."

ஜொவிட்டா தன் இடது மணிக்கட்டைத் தடவிப் பார்த்தாள்.

"ஐயா கைய மட்டும் வுடல. நான்தான் ஒவ்வொண்ணா பிரிச்சி எடுத்தேன். மூணு வெரலு... ஐஸ் மாறி."