டைரக்டர் கழுத்தில் மல்லிகை

இதெல்லாம் உனக்கு எதற்கு? சோறு ஆறுகிறது, சாப்பிடுகிற வழியைப் பார். என் திருட்டுத்தனத்தைத் தெரிந்துகொண்டு எந்தப் பரீட்சை எழுதப் போகிறாய்? சரி, கேட்டுத் தொலை.

என் அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. மற்ற நேரத்தில், நாங்கள் குடியிருந்த தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கே ஓவியர். யாராவது செத்துப்போனால் அவருடைய ஐசியை, அதுதான் அடையாள அட்டையை, கொண்டுவந்து கொடுப்பார்கள். அதிலிருக்கும் நகமளவு படத்தைப் பார்த்தே ஆளைப் பலகையில் உட்காரவைத்துவிடுவார். கழுத்தில் மாலையும் வரைவார். எங்கள் லயத்தில் சுவரில் தொங்கும் முகங்களெல்லாம் மாலையோடுதான். படமென்றாலே அப்படித்தான் என்று எட்டு வயதில் நான் நினைத்திருந்தேன்.

அந்த வருடம் சென்னையிலிருந்து ஒரு டைரக்டர் சினிமாப் பாட்டு எடுக்க வந்து, பக்கத்து மலையூரான தானா ராத்தாவில் தங்கினார். எஸ்டேட் திடலில் அவருடைய சினிமா போட்டால் அப்பா மழையிலும் எழுந்திருக்க மாட்டார். பத்திரிகையில் வந்த முகத்தைப் பார்த்து இருபது நாள் வரைந்தார்.

"அவரு வாயால ஒரு தடவ நல்லாருக்குன்னு சொல்லிட்டா போதும்" என்று அம்மாவிடம் சொன்னார்.

வரைந்து முடித்து, சுவர்ப்பக்கம் திருப்பிவைத்துவிட்டு வேலைக்குப் போனார். நான் திருப்பிப் பார்த்தேன். கழுத்து மொட்டையாக இருந்தது. பாவம், மறந்துவிட்டார் என்று வெள்ளைச் சாயத்தைத் தொட்டு ஒரு மல்லிகை மாலை போட்டுவிட்டேன். காய்ந்த பிறகு அம்மாவின் பழைய சேலையில் சுற்றிக் கட்டியதும் நான்தான். அங்கே பிரிக்கும்போது அப்பா அசந்துபோகட்டும் என்று ஆசை.

சித்தப்பாவின் காய்கறி லோரியில் போனோம். படம் என் மடியில். பாதி வழியில் சித்தப்பா வாயைத் திறந்தார்.

"அண்ணே, பழக்கதோசத்துல மாலை கீலை போட்டுடலையே? அவரு போன வருசம்தான் நெஞ்சுவலி வந்து பொழச்சாராம். உயிரோட இருக்குறவருக்கு மாலை போட்டா, சீக்கிரம் செத்துப் போன்னு சொல்ற மாதிரி லா."

"போடா, எனக்குத் தெரியாதா?" என்று அப்பா சிரித்தார்.

சேலை முடிச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். நான் மாலை போட்டதால் அவர் செத்துவிடுவாரா? போலீஸ் என்னைப் பிடிக்குமா, அப்பாவையா? சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன், அடி விழுமென்று மூடிக்கொண்டேன். பள்ளத்தில் படத்தைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று பார்த்தால், கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்தார்கள்.

"என்னம்மா, வாந்தி வருதா?" என்றார் அப்பா. ஆமென்று தலையாட்டினேன்.

டைரக்டர் பனிக்குச் சால்வை போர்த்திக்கொண்டு ஓட்டல் வாசலில் உட்கார்ந்திருந்தார். உயிரோடுதான் இருந்தார். அப்பா கும்பிட்டுவிட்டுச் சேலையைப் பிரித்தார்.

பக்கத்தில் நின்ற டைரக்டரின் மேனேஜர் கத்தினார்: "யோவ்! உசுரோட இருக்குற மனுசனுக்கு மாலையா? தூக்குய்யா அத!"

அப்பாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. அவர் கையைத்தான் பார்த்தேன். அது மாலையை ஒருமுறை தொட்டுப் பார்த்தது. நகத்தில் வெள்ளை ஒட்டியிருந்த என் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

டைரக்டர் நெஞ்சைத் தடவிக்கொண்டு வெகுநேரம் படத்தையே பார்த்தார். இதோ போகிறார் என்று நான் கண்ணை மூடினேன்.

"தனக்கு மாலை போட்ட படத்த எவனும் பாக்க முடியாது. மாட்டுறப்ப ஆளு இருக்க மாட்டான். நான் பாத்துட்டேன்" என்றார் அவர். "முகம் நல்லாருக்கு. பூ மட்டும் வேற கை மாதிரி இருக்கே?"

அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை.

"என் கைதாங்கய்யா. பூ எனக்கு அவ்வளவா வராது."

"அப்பப் பூவ நல்லாப் பழகுங்க" என்று சொல்லி டைரக்டர் படத்தை வாங்கிக்கொண்டார்.

திரும்பும் வழியில் அப்பா என் கையை மடியில் வைத்து, மண்ணெண்ணெய்த் துணியால் ஒவ்வொரு நகமாகத் துடைத்தார். வெள்ளையெல்லாம் போகும்வரை துடைத்தார். கை அழுக்காக இருந்தது, துடைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். தப்பித்தோமடா சாமி என்று தூங்கியும்போனேன்.

சாயங்காலம் லயமே எங்கள் வாசலில் கூடிவிட்டது. டைரக்டர் என்ன சொன்னார் என்று எல்லாருக்கும் தெரியவேண்டும். அப்பா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"எங்கப்பாவுக்கு முகம்தான் வருமாம், பூ வரையவே வராதாம். டைரக்டரே சொல்லிட்டாரு!"

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

"ஆமா லா" என்றார். "பழகணும்."