ஆறு நாளும் வந்த முருகேசன்

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ஒரு டுடோரியலில் ஆங்கிலம் நடத்தினேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் போய், காலை ஒன்பது மணிக்கு வருகைப் பதிவேட்டைத் திறப்பேன். வகுப்புக்கு மட்டம் போடுபவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

பத்தாவது ஆங்கிலத்தில் தேறாத முருகேசனுக்கு முப்பது வயதிருக்கும். வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். “படிக்க இஷ்டமில்லேன்னா எதுக்குச் சேர்ந்தீங்க?” என்று எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறேன். தலையைக் குனிந்துகொள்வார்.

ஒரு வாரம் ஆறு நாளும் வந்தார். சனிக்கிழமை வகுப்பையே அவருக்குக் கைதட்டச் சொன்னேன். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

அன்று ‘ஃபில் இன் ஃபார்’ நடத்தினேன். ஒருவர் வராத நாளில் அவர் வேலையை இன்னொருவர் பார்ப்பது என்று பொருள் சொல்லி, உதாரணம் கேட்டேன். முருகேசன் எழுந்தார்.

“நான் மில்லுல பதிலி, டீச்சர். காலையில ஏழு மணிக்கு கேட்டுல போயி நிப்போம். யாராச்சும் லீவு போட்டிருந்தா அவுக வேலைக்கு என்னைய உள்ள விடுவாக. இல்லைன்னா இங்க வந்துருவேன்.”

“அப்போ இந்த வாரம்?”

“ஒருத்தரும் லீவு போடலை, டீச்சர்.”

நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே எழுதியிருந்ததையே மறுபடி எழுதினேன்.

திங்கட்கிழமை அவர் பெயரைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. இன்னொரு முறை கூப்பிட்டு உறுதி செய்துகொண்டு, சந்தோஷமாக ‘ஆப்சென்ட்’ போட்டேன்.

மில்லில் யாருக்குக் காய்ச்சலோ என்ற நினைப்பு, ஊர் திரும்பும்போது பஸ்ஸில்தான் வந்தது.