மின்விசிறியில் சுற்றிய முடி

என் மனைவி கட்டட வரைபடங்கள் வரைந்த கணினி, அவள் மறைவுக்குப் பின், போட்ட சற்று நேரத்திலேயே சூடேறி அணைந்துவிடும். அவள் கடைசியாக வரைந்துகொண்டிருந்த முட்டுக்காட்டு வீட்டை நான் பார்க்க விரும்பினேன். செங்கல்பட்டு அலுவலகத்தில் அவளுடன் நெடுங்காலம் பணியாற்றியவரை வரவழைத்தேன். என்னைக் கேட்காமலே அவர் அவளுடைய கடவுச்சொல்லைத் தட்டினார். எனக்கு அது தெரியாது.

கணினி மறுபடி அணைந்ததும் பெட்டியைத் திறந்தார்.

“ஃபேன் சுத்தல சார். பொட்டிய தரையில வைக்காதக்கான்னு எத்தினி வாட்டி சொன்னேன். எங்க கேட்டுச்சு?”

அந்த உரிமையுடன் நான் அவளைக் கடிந்துகொண்டதே இல்லை.

தூசியைத் துடைத்தார், ஒயரை வேறு இணைப்பில் மாற்றிச் செருகினார். பயனில்லை. விசிறியைக் கழற்றி இடுக்கியால் அச்சைக் கிளறியபோது, அதில் இறுகச் சுற்றியிருந்த நீண்ட நரைமுடிகள் வந்தன.

“அக்கா முடி சார்” என்றார். உள்ளங்கையில் அவற்றை வைத்துக்கொண்டு நின்றார்.

நான் கையை நீட்டினேன். கொடுத்துவிட்டார்.

விசிறியை மாட்டியதும் அது ஓடியது. திரையில் வரைபடம் விரிந்தது.

“பாருங்க சார், இன்னா அழகா போட்டுகீது.”

நான் திரையைப் பார்க்கவில்லை. அவர் உள்ளங்கையில் இன்னும் ஏதேனும் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.