ஜன்னல் வழியே போன கால்

பயோமெக்கானிக்கல் பொறியியலில் எம்.டெக். முடிக்க, நான் ஒரு செயற்கைக் காலைச் செய்து யாரையாவது நடக்கவைத்துக் காட்டவேண்டும். மாட்டியவர் கடியப்பட்டணத்தில் மீன் ஏலம் விடுகிறவர். பீப்பாய் உடம்பு, இடது முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. பக்கத்தில் நிற்பவரிடமும் நடுக்கடலுக்குக் கேட்கும்படிதான் பேசுவார்.

நாகர்கோவிலுக்குப் பரிசோதனைக்கு வரும்போதெல்லாம் அந்தக் காலின் பாதம் கோணியிருக்கும். திருகி நேராக்கி அனுப்புவேன். அடுத்த தடவையும் கோணல். உன் கணக்கே தப்பு, பட்டத்தை மறந்துவிடு என்றார் பேராசிரியர்.

ஒருநாள் ஏலக்காரரோடு வடசேரி பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பஸ் நிற்குமுன்பே எல்லோரும் ஜன்னல் வழியாகத் துண்டையும் பையையும் போட்டு இடம் பிடித்தார்கள். இவர் தூணில் சாய்ந்து, காலைக் கழற்றி உள்ளே வீசினார்.

“என்னண்ணே செய்திய! அது என் படிப்பு!”

“துண்டு போட்டா எடுத்து எறிஞ்சிட்டு இருந்துருவானுவ மக்கா. காலை ஒருத்தனும் தொடமாட்டான்.”

“கால் இல்லாம எப்படி ஏறுவிய?”

“நொண்டி ஏறிருவேன். ஊரு வரைக்கும் நின்னுட்டுப் போவ முடியாதுல்லா.”

மறுநாளே கணுக்காலில் இரட்டைத் திருகு போட்டேன். அதற்குப் பிறகு பாதம் கோணவில்லை. வாய்மொழித் தேர்வில் அவரை நடக்கவைத்தேன். இரட்டைத் திருகு எதற்கு என்று கேட்டார்கள்.

“பஸ் பயணத்துக்கு” என்றேன்.

நம்மூர் ரோட்டின் குலுக்கலைக் கூட யோசித்திருக்கிறேன் என்று பாராட்டிப் பட்டம் தந்தார்கள். ஏலக்காரர் பக்கத்திலேயே நின்றார். அன்றைக்கு மட்டும் வாயைத் திறக்கவே இல்லை.