பெஞ்சில் உட்காராத தலைவர்

எங்கள் வீட்டுக்காரர் மூக்காண்டிக்கு மைக் இல்லாமலே நாலு தெருவுக்குக் கேட்கும் தொண்டை. சங்கரன்கோவிலில் விசைத்தறியில் வேலை. தறிச்சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அப்படி ஆகிவிட்டது. கல்யாணமான புதிதில் என்னிடம் தண்ணீர் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரியும் செம்போடு எட்டிப் பார்ப்பாள். அந்தத் தொண்டையை வைத்துத்தான் எண்பத்திரண்டாம் வருஷம் எங்கள் ஊர் டீக்கடையில் தனிக்குவளையை ஒழித்தார்.

சங்கரன்கோவிலிலிருந்து குருவிகுளம் போகிற வழியில் எங்கள் ஊர். ஆறுமுகச்சாமி கடையில் மற்றவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ், உட்கார பெஞ்சு. எங்கள் தெருக்காரர்களுக்குக் கூரையில் செருகின அலுமினியக் குவளை. வெளியே நின்று குடித்துவிட்டு, நாமே கழுவி, நாமே செருகிவிட்டு வர வேண்டும். இவர் தெருவைத் திரட்டிக்கொண்டு போய்த் தாலுகா ஆபீஸ் வாசலில் கத்தினார். பேச்சுவார்த்தை நடந்தது. இனி எல்லோருக்கும் ஒரே கிளாஸ், ஒரே பெஞ்சு என்று முடிவாயிற்று. அன்றைக்குத் தெருவே கொட்டடித்து ஆடியது. நானும் ஆடினேன்.

மறுநாள் கடைக்குப் போனவர் கிளாஸை வாங்கினார். வாங்கி நேரே வெளியே வந்து, பழைய இடத்திலேயே நின்று குடித்தார்! அதற்கடுத்த நாளும் அப்படியே. "மூக்காண்டி அண்ணன் உக்காரட்டும், பொறவு நாங்க உக்காருதோம்" என்று மற்றவர்களும் நின்றார்கள்.

இதே மனுஷர் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு கடையில் கால்மேல் கால் போட்டு டீ குடிப்பார். என் கண்ணாலே பார்த்திருக்கிறேன். பஸ்ஸை விட்டு ஊரில் இறங்கினதும் என்ன வந்துவிடுகிறது இவருக்கு? கேட்டேவிட்டேன்.

"கால் மடங்க மாட்டேங்கு பிச்சம்மா" என்றார். அந்தத் தொண்டையில் வெறும் காற்றுதான் வந்தது. "பெஞ்சுகிட்ட போனாலே எங்க அய்யாவ ‘ஏலே, தள்ளி நில்லு’ன்னு வெரட்டுன சத்தம் காதுல கேக்கு. இப்ப யாரும் வெரட்டல. நானே என்னய வெரட்டிக்கிடுதேன்."

எனக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது. ஏனென்றால் ஆறுமுகச்சாமி இதற்குள் ஊரெல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். "நான் பெஞ்சு போட்டாச்சு. அவங்களுக்கே உக்காரப் பிடிக்கல. நாளையோட தூக்கி உள்ள போட்டுருதேன்." பெஞ்சு உள்ளே போனால் குவளை வெளியே வந்துவிடும் என்று எங்கள் தெருவில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும்.

மறுநாள் காலையில் இவர் பின்னாலேயே நானும் போனேன். எங்கள் ஊரில் எந்தச் சாதிப் பெண்ணும் டீக்கடையில் உட்கார்ந்தது கிடையாது. நான் விறுவிறுவென்று போய்ப் பெஞ்சின் நட்டநடுவில் உட்கார்ந்தேன்.

"அண்ணாச்சி, ஒரு டீ போடுங்க. சீனி தூக்கலா."

அதுவரை அவரை ‘மொதலாளி’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறோம். பாவம், ஆற்றிக்கொண்டிருந்த டீயைக் கையில் ஊற்றிக்கொண்டார். ஆனால் முதலில் வாயைத் திறந்தது அவர் இல்லை, என் வீட்டுக்காரர்.

"ஏட்டி, எந்திரி! பொம்பள வந்து டீக்கடையில உக்காருவாளா?"

தொண்டை திரும்பி வந்துவிட்டது! எனக்கு வந்ததே ஆத்திரம்.

"பெஞ்சு எல்லாருக்கும்னு ஆபீஸ் வாசல்ல கத்துனது நீருதான? எல்லாருக்கும்னா அதுல நான் கிடையாதா?"

மனுஷர் தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். "அடி பாதகத்தி, என்னயவே மடக்கிட்டியே" என்று சொல்லிக்கொண்டே வந்து என் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தார். அவ்வளவுதான், வெளியே நின்ற எங்கள் தெருக்காரர்களில் சங்கரசுப்பு உட்கார்ந்தான், தங்கப்பழம் உட்கார்ந்தான், இடம் போதாமல் ஒருத்தன் மடியில் ஒருத்தன் உட்கார்ந்தான். ஆறுமுகச்சாமி அந்த வாரமே இன்னொரு பெஞ்சு போட்டார். வியாபாரம் வந்தால் விடுவாரா?

அன்றைக்கு இவர் வேலைக்குப் போகவில்லை. மத்தியானம் கருவாட்டுக் குழம்பு. இவருக்குச் சோற்றைப் போட்டுவிட்டுச் சுவரோரம் நின்றேன்.

"நீயும் ஒரு தட்டு எடுத்துட்டு வா."

"நீரு சாப்பிடும். நான் பொறவு சாப்பிடுதேன்."

அவரே எழுந்து போய் இன்னொரு தட்டை எடுத்துவந்து வைத்தார். "நீ உக்காந்தாத்தான் நான் கையை வைப்பேன்."

ஊரே பார்க்க உட்கார்ந்தவள் நான். கட்டின புருஷனுக்கு எதிரே தட்டோடு உட்காரக் கூச்சம் என்னைப் பிடுங்கித் தின்றது. எங்கம்மா ஒருநாளும் உட்காரவில்லையே! சோற்றில் ஆவி அடங்கப் போகிறது, இவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருக்கிறார். கடைசியில் பாதி திரும்பிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அதுவரை ஆறிப்போன அடிச்சட்டிக் குழம்பைத்தான் வழித்துச் சாப்பிட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் சுடச்சுட, முழுத் துண்டோடு சாப்பிட்டேன். என் சமையல் இத்தனை ருசியாக இருக்கும் என்று எனக்கே அதுவரை தெரியாது.