வாளியும் வாட்டர் பேப்பரும்

கார் முகப்பு விளக்கு தேய்க்கிறவனைக் கடைசிப் பத்து நிமிஷம்தான் யாரும் நம்புவார்கள். அதற்கு முந்தின ஒன்றரை மணி நேரமும் அவன் குற்றவாளி. வீடு வீடாகப் போய் எதையாவது பழுது பார்த்துக் கொடுத்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், இதை நான் விளக்க வேண்டியதில்லை.

கண்ணாடி விளக்கு போய், பிளாஸ்டிக் விளக்கு வைத்த கார்கள் வந்து சில வருஷம் ஆகியிருந்த காலம். திருவனந்தபுரத்து வெயிலும் மழையும் மாறி மாறி அடித்ததில் எல்லாம் மஞ்சள் பூத்து மங்கிப் போயிருந்தன. ஒரு வாளி, நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாளான வாட்டர் பேப்பர் மூன்று தரத்தில், பாலிஷ், பழைய வேட்டித் துணி, இவற்றை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு, கார் நிற்கிற இடத்துக்கே போய்த் தேய்த்துக் கொடுத்தேன்.

சாலைக் கடைத்தெருவில் அரிசிக் கடையில் வேலை பார்த்த அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. தங்கை சுகந்திக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு இடம் வந்து தட்டிப்போனதற்கு என் வாளிதான் காரணம் என்பது அவர் கட்சி. மூன்றாவதும் தட்டினால் நான் இந்த வேலையை விட்டுவிட்டு அரிசிக் கடைக்கு வந்துவிட வேண்டும் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். தரகரிடம் என்னைப் பற்றி அவர் எழுதிக் கொடுத்தது: "அண்ணன், ஆட்டோமொபைல் பிசினஸ்."

பால் நிறம்

சாஸ்தமங்கலத்தில் ஓய்வு பெற்ற எஞ்சினியர் ஒருவர், மலையாளி. முதல் தாளில் தேய்த்ததும் விளக்கு தெளியாது, பால் மாதிரி வெளுத்து இன்னும் மோசமாகும். அதைத் தாண்டித்தான் தெளியும் என்று தொடங்கும் முன்பே சொல்லியிருந்தேன். எல்லாம் தெரியும் என்று தலையாட்டினார். விளக்கு வெளுத்ததும் நாற்காலியை விட்டு எழுந்து போய், பக்கத்து வீட்டுக்காரரைச் சாட்சிக்குக் கூட்டி வந்து நிறுத்தினார்.

கடைசியில் விளக்கு பளிச்சென்று ஆனது. சாட்சிக்கு வந்தவர் தன் காரையும் தேய்க்கச் சொல்லிவிட்டுப் போனார். எஞ்சினியர் மட்டும் சமாதானமாகவில்லை. இதை முதலிலேயே செய்யாமல் எதற்காக நடுவில் தன்னைப் பயமுறுத்தினேன் என்பது அவர் வழக்கு. "ஆத்யமே இங்ஙனே செய்தூடாயிருந்நோ?"

கரமனை மாமி

கரமனை அக்ரஹாரத்தில் நான் தேய்த்த ஒன்றரை மணி நேரமும் ஒரு மாமி பக்கத்திலேயே நின்றார். தண்ணீர் கொடுத்தார், மோர் கொடுத்தார், பாலிஷ் டப்பாவைத் திறந்தபோதெல்லாம் குனிந்து மோந்தும் பார்த்தார். கிளம்பும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "நானும் பல் தேய்க்கற பேஸ்ட்டைப் போட்டுத் தேச்சுப் பார்த்தேன், ரெண்டு நாள் பளபளன்னுதான் இருந்தது. அதையேதானே நீ வேற டப்பால போட்டு வச்சுண்டிருக்கே?"

மதில் பக்கம்

சாலைக் கடைத்தெருவின் மளிகை மொத்த வியாபாரி ஒருவர் இடது விளக்கை மட்டும் தேய்த்தால் போதும் என்றார். ஒன்று தெளிந்து ஒன்று மங்கலாக இருந்தால் ராத்திரியில் ஓட்டுவது கஷ்டம் என்று எடுத்துச் சொன்னேன். ராத்திரியில் வண்டியையே எடுப்பதில்லையாம். பிறகு எதற்கு விளக்கு என்று கேட்கிற அளவுக்கு எனக்குத் தைரியம் இல்லை. அவர் காரை நிறுத்துகிற இடத்தைக் காட்டி விளக்கினார்: "எதிர்வீட்டுக்காரன் பாக்கது இந்தப் பக்கம். அந்தப் பக்கத்தை மதிலுதான் பாக்கும்."

ஒரு நாள்

எல்லா வாடிக்கையாளரும் கேட்கிற கேள்வி, எத்தனை நாள் நிற்கும் என்பது. மேலே கிளியர் கோட் என்கிற நிறமில்லாத பூச்சு அடித்தால் இரண்டு மூன்று வருஷம் நிற்கும், அடிக்காவிட்டால் சில மாதத்தில் மஞ்சள் திரும்பி வந்துவிடும்.

பாலராமபுரத்தில் பாத்திரக்கடை வைத்திருந்த ஒரு பெரியவர்தான் அந்தக் கேள்வியைக் கேட்காத ஒரே ஆள். வண்டிக்கு எட்டு வயதாவது இருக்கும். வலது விளக்குக்குள் ஒரு குளவி செத்துக் கிடந்தது. அதை எந்தத் தாளாலும் தேய்த்து எடுக்க முடியாது. கிளியர் கோட் காய நேரமாகும் என்றதும் வேண்டாம் என்று கையசைத்தார். வண்டியை எவன் தலையிலோ கட்டப்போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். வாங்கப்போகிறவன் மேல் எனக்குப் பரிதாபமாகக்கூட இருந்தது. பெரியவர் சொன்னார்: "ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளு நிண்ணா போதும், தம்பி."

ஞாயிற்றுக்கிழமை

அந்த ஞாயிறு சுகந்தியைப் பெண் பார்க்க மூன்றாவது இடம் வந்தது. சொந்தக் கார், வாங்கி இரண்டே வருஷம் என்று தரகர் சொன்னதை அப்பா தெருவெல்லாம் சொல்லியிருந்தார். ஆரியசாலையில் எங்கள் வாசலில் வண்டி வந்து நின்றது. நான் ஆட்களைப் பார்க்கவில்லை, விளக்கைத்தான் பார்த்தேன். உள்ளே குளவி.

கோபம் வந்தது. பெரியவர் இறங்கி என்னைப் பார்த்ததும் கோபம் போய் வெட்கம் வந்தது. அப்பா என் தோளைப் பிடித்து, "மகன். ஆட்டோமொபைல் பிசினஸ்" என்றார். பெரியவர் என் நகக்கண்ணில் இருந்த பாலிஷைப் பார்த்துக்கொண்டே, "நல்ல பிசினஸ்" என்றார். "வண்டியைப் புதுசு மாதிரி வச்சிருக்கீங்க" என்றேன் நான். அடுக்களைக்கு ஓடிப்போய், காப்பித் தட்டோடு நின்ற சுகந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

மாப்பிள்ளையும் அவளும் மொட்டை மாடியில் தனியாகப் பேசினார்கள். ஐந்து நிமிஷம் என்றது அரை மணி நேரமானது. கீழே அப்பா அரிசி விலையும் பெரியவர் பித்தளை விலையும் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு என் வாளி ஞாபகம்தான்.

அவர்கள் போனதும் அப்பா அவளிடம் என்னம்மா என்றார். சம்மதம் என்றாள். அப்படி என்னதான் பேசினீர்கள் என்று நான் கேட்டேன். "வண்டி வாங்கி எட்டு வருஷம் ஆச்சு, அப்பா ஆள் வச்சு லைட்டைத் தேய்ச்சாருன்னு அவரே சொல்லிட்டாரு, அண்ணே. தேய்ச்ச ஆளு எங்க அண்ணன்தான்னு நானும் சொல்லிட்டேன். பொறவுதான் ரெண்டு பேருக்கும் பேச்சே வந்தது."

கல்யாணத்துக்குப் பிறகு அதே விளக்கை நாலு தடவை தேய்த்துவிட்டேன், சம்பந்தி இன்னும் கிளியர் கோட்டுக்குச் சம்மதிக்கவில்லை.