ஆறாவது இழுப்பு

நம்பாதவர்கள் கல்பிட்டிப் பக்கம் போனால் மரியநாயகத்தையே கேட்கலாம். அவர் சொன்னபடிதான் சொல்கிறேன். 2014 பெப்ரவரி, ஒரு சனிக்கிழமை. இரவுகூட இல்லை. நல்ல வெளிச்சமான பின்னேரம்.

மனைவி மக்தலேனா இறந்து மறுநாளோடு ஒரு வருடம். பிள்ளைகள் இல்லை. அந்த ஒரு வருடமும் அவர் முகச்சவரம் செய்யவில்லை. செய்து யாருக்குக் காட்ட? ஆனால் ஆண்டுத் திருப்பலிக்கு அந்தக் கோலத்தில் போகலாமா? தாடியைக் கத்தரிக்கோலால் ஒட்டக் குறைத்தார். பாலாவியில் பழைய சாமான் விற்பவனிடம் வாங்கிய மடக்குச் சவரக்கத்தியை எடுத்தார். சுத்த மொட்டை. கையில் ஒரு மயிரைக்கூட வெட்டவில்லை.

மேசையில் சாணைக்கல்லை வைத்து நனைத்தார். கத்தியைப் படுக்கப் போட்டு, அதன் முதுகு கல்லைவிட்டு எழும்பாமல் தீட்டத் தொடங்கினார். சுவர் மணிக்கூட்டில் 5.10.

சர்ர்ர்... சர்ர்ர்...

கையை நிறுத்தினார்.

சர்ர்ர்...

எதிரொலியாக்கும் என்று நினைத்தார். இந்த முறை எண்ணினார். ஐந்து இழுப்பு. நிறுத்தினார்.

ஆறாவது, உள்ளறையில் கேட்டது.

“ஆர் அது?”



கத்தியை விரித்தபடியே வைத்துவிட்டு அறை வாசலுக்குப் போனார். கட்டில். அலுமாரி. யாரும் இல்லை. உடனே திரும்பினார்.

மணிக்கூட்டில் 5.50.

கத்தி மடங்கிக் கிடந்தது.

விரித்துப் பார்த்தார். அலகில் ஈரச் சவர்க்கார நுரை... அவர் சவர்க்காரமே எடுக்கவில்லை.

மெல்லக் கன்னத்தைத் தொட்டார்.

வழுவழுப்பு.

ஒரு கீறல் இல்லை.

மறுநாள் பூசை முடிந்து வரும்போது பக்கத்து வீட்டு டொறத்தி கோயில் வாசலில் மறித்தாள்.

“நேத்து உங்களுக்குச் சவரம் செய்தது ஆர் அண்ணே?”

“நீ... கண்டியா?”

“ஓம். பணியாரம் தர வந்தன். யன்னலால பாத்தா, நீங்க கதிரையில தலையைச் சாய்ச்சு இருக்கிறீங்க. அந்த ஆள் எனக்கு முதுகு காட்டி நிண்டார். நீங்க சிரிச்சுச் சிரிச்சுக் கதைக்கிறீங்க. ஒரு வருசமா உங்கட சிரிப்பே கேக்கல்ல... குழப்பக் கூடாதெண்டு கொஞ்ச நேரம் வெளியிலயே நிண்டுட்டுப் போயிட்டன்.”

மரியநாயகம் மறுபடி கன்னத்தைத் தடவிப் பார்த்தார்.

“ஏன் அண்ணே முழிக்கிறீங்க? அவர் வெளிக்கிடப் போக, நீங்கதானே கையைப் பிடிச்சு, இனி இங்கேயே வந்து இருக்கச் சொன்னீங்க?”

“அவர்... என்ன சொன்னார்?”

“ஓம் எண்டார்.”